ஐந்து வாக்கியம், 608 மேற்கோள்

 

"டாக்டர், இவர் பெரிய மருந்தியல் விஞ்ஞானி. 300 கட்டுரை எழுதியிருக்கார். 20,000 சைட்டேஷன் இருக்கு. இவர் சொன்னா தப்பா இருக்குமா?"

இந்த மாதிரி கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கூடவே ஏதாவது சத்து மாத்திரை விளம்பரமோ, வாட்ஸ்அப் வீடியோவோ இருக்கும். ஆமா, இல்லைன்னு ஒரு வரியில் பதில் சொல்ல முடியல. அதனால ஒரு நிஜமான விஞ்ஞானியின் கதையைச் சொல்றேன். அவர் மோசடிக்காரர் இல்லை. நல்ல ஆராய்ச்சியாளர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல்ல சைட்டேஷன்னா என்னன்னு சொல்லிடறேன். ஒருத்தர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, "இந்தத் தகவல் இன்னார் எழுதிய இன்ன கட்டுரையில் இருக்கு" என்று கடைசியில் பட்டியல் போடுவார். அப்படி உங்க கட்டுரையை எத்தனை பேர் பட்டியலில் போட்டிருக்காங்களோ, அதுதான் உங்க சைட்டேஷன் கணக்கு. தமிழில் மேற்கோள்னு வச்சுக்கலாம்.

இப்போ கதைக்கு வருவோம்.

ஹெர்ஷல் ஜிக். அமெரிக்க மருத்துவர். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் துறையில் முன்னோடி. 1966ல் பாஸ்டனில் டென்னிஸ் ஸ்லோனும் இவரும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினாங்க. பெயர் பாஸ்டன் கூட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டம். வேலை கேட்க எளிமையா இருக்கும். ஆஸ்பத்திரி வார்டுகளில் இதற்கென்றே செவிலியர்களை நியமிச்சாங்க. ஒவ்வொரு உள்நோயாளிக்கும் என்ன மருந்து கொடுத்தாங்க, எதுக்குக் கொடுத்தாங்க, கொடுத்த பிறகு என்ன ஆச்சுன்னு அவங்க படுக்கைப் பக்கத்திலேயே நின்று எழுதுவாங்க. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏத்துவாங்க. கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நின்ற 1960களில்!

இன்னைக்கு ஒரு மாத்திரை அட்டையைப் பிரிச்சா உள்ளே பொடி எழுத்தில் பக்கவிளைவுப் பட்டியல் இருக்கே, அப்படியான தகவல்களை முறையா, எண்ணிக்கையோடு சேகரிக்கக் கத்துக்கொடுத்த முன்னோடிகளில் இந்தக் குழுவும் ஒன்று. ஜிக் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 1995ல் லான்செட் இதழில், மூன்றாம் தலைமுறை கருத்தடை மாத்திரைகள் பழைய வகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ரத்தக்கட்டு ஆபத்தைக் கொண்டவைன்னு காட்டிய ஆய்வுகளில் ஒன்று இவருடையது. 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இவர் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு: எம்.எம்.ஆர் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதம் வருஷாவருஷம் 95 சதவீதத்துக்கு மேல் மாறாமல் அப்படியே இருக்க, பதிவான ஆட்டிசம் மட்டும் பல மடங்கு ஏறியிருந்தது. தடுப்பூசிதான் காரணம்னா ரெண்டும் சேர்ந்தே ஏறியிருக்கணுமே? தடுப்பூசி பீதி உச்சத்தில் இருந்த நேரத்தில் வந்த முக்கியமான கட்டுரை அது.

இப்படி ஒரு மனிதர். ஆனா மருத்துவ உலகத்துக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தது இவை எதனாலும் இல்லை. ஐந்தே ஐந்து வாக்கியத்தால்.

1980 ஜனவரி 10. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வாசகர் கடிதம் பகுதி. ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இரண்டு பெயரில் ஒரு குட்டிக் கடிதம். ஆய்வுக் கட்டுரை இல்லை, கடிதம். சாராம்சம் இதுதான்: எங்கள் கண்காணிப்பில் இருந்த உள்நோயாளிகள் 39,946 பேர். அதில் ஒரு தடவையாவது போதை வகை வலி மருந்து பெற்றவர்கள் 11,882 பேர். இதற்கு முன் அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில், புதிதாக அடிமையானதாக ஓரளவு உறுதியாகப் பதிவானது 4 பேர். அதிலும் கடுமையானது ஒன்றே ஒன்று. ஆகவே ஆஸ்பத்திரிகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும் அடிமையாவது அபூர்வம்.

அவ்வளவுதான். அட்டவணை இல்லை. எத்தனை நாள் மருந்து கொடுத்தாங்கன்னு இல்லை. என்ன டோஸ்னு இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு அவங்க என்ன ஆனாங்கன்னு இல்லை. அடிமைன்னு யாரை, எதை வச்சு முடிவு பண்ணினாங்கன்னும் இல்லை.

இதை நான் குறையா சொல்லல. கடிதம்னா அப்படித்தான் இருக்கும். "எங்ககிட்ட இருந்த பதிவேட்டைப் புரட்டினோம், இப்படி ஒரு எண் கிடைச்சுது" என்று சொல்லும் இடம் அது. கிடைத்த எண்ணும் அதன் எல்லைக்குள் நம்பத்தகுந்ததுதான். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து ரெண்டு நாள் பெத்திடின் ஊசி போட்டுக்கொண்டவர் போதைக்கு அடிமையாவாரா? பெரும்பாலும் மாட்டார். வார்டில் டாக்டர் எழுதணும், நர்ஸ் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துப் போடணும், கேஸ் ஷீட்டில் கையெழுத்து வைக்கணும். நோயாளி கையில் மருந்தே இருக்காது.

அந்த நாலு பேர் எந்த மருந்தால் அடிமையானாங்கன்னும் கடிதத்தில் இருக்கு. இரண்டு பேருக்கு பெத்திடின், ஒருவருக்கு ஹைட்ரோமார்ஃபோன், இன்னொருவருக்கு பெர்கோடான். பெர்கோடானில் இருப்பது ஆக்சிகோடோனும் ஆஸ்பிரினும். இந்த ஆக்சிகோடோன் என்ற பெயரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

1980களில் அமெரிக்காவில் ஒரு நியாயமான இயக்கம் வளர்ந்தது. வலியில் துடிக்கிற நோயாளிக்கு, "அடிமையாகிடுவான்" என்ற பயத்தில் மருந்து கொடுக்காமல் இருப்பது கொடுமை என்ற குரல். உண்மைதான், கொடுமைதான். ஆனா அந்தக் குரலுக்கு ஒரு ஆதாரம் தேவைப்பட்டது. கையில் கிடைத்தது இந்தக் கடிதம்.

1990ல் வலி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற ரொனால்ட் மெல்சாக், சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையில் இது ஒரு "விரிவான ஆய்வு" ஆனது. 2001ல் டைம் பத்திரிகையில் "மைல்கல் ஆய்வு" ஆகிவிட்டது. ஐந்து வாக்கியக் கடிதம்ங்க! ஊரில் ஒருத்தர் ரெண்டு தடவை இருமினார்னு சொன்னது தெரு முனைக்குப் போகும்போது ஐசியூவில் கிடக்கிறார்னு ஆகிடுமே, அந்தக் கதை.

இதுக்கு நடுவில் 1996ல் பர்டூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது ஆக்சிகோடோன். 12 மணி நேரத்துக்கு ஒன்று. புற்றுநோய் வலிக்கு மட்டும் இல்லை, முதுகு வலி, மூட்டு வலின்னு மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சாப்பிட. "அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ், ஆய்வே இருக்கு" என்று மெடிக்கல் ரெப்கள் டாக்டர்களிடம் சொன்னார்கள். 1996ல் 4.8 கோடி டாலராக இருந்த இதன் விற்பனை 2000ல் சுமார் 110 கோடி டாலரைத் தொட்டது.

வார்டில் நர்ஸ் கையால் ரெண்டு நாள் ஊசி. வீட்டில் தன் கையால் ரெண்டு வருஷம் மாத்திரை. இந்த ரெண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? பிற்பாடு நாள்பட்ட வலிக்கு இம்மருந்துகளை எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2015ல் வெளியான கணக்கில், அடிமையானவர்கள் சராசரியாக 8 முதல் 12 சதவீதம். கடிதத்தின் எண்ணைக் கணக்குப் போட்டால் 0.03 சதவீதம். கடிதத்தில் கூட்டல் கழித்தல் எதுவும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு நோயாளிகள், வேறு வேறு கேள்வி.

1999 முதல் 2017 வரை அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகள் அளவு மீறி இறந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். இதில் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் உண்டு, பிறகு தெருவில் வாங்கிய ஹெராயினும் ஃபென்டனிலும் உண்டு. இத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம்னு சொன்னா அது அபத்தம். பேராசை, தூங்கிய கண்காணிப்பு, வேலையில்லாத ஊர்கள் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனா "பயப்பட வேண்டாம், எழுதிக் கொடுங்க" என்று டாக்டர்களின் தயக்கத்தை உடைத்த சுத்தியல்களில் இந்தக் கடிதமும் ஒன்று. தன் மருந்தின் அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதற்காக பர்டூவின் துணை நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும் 2007ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். 2020ல் பர்டூ மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

சரி, மேற்கோளுக்கு வருவோம்.

2017ல் கனடாவின் டொரோண்டோவைச் சேர்ந்த டேவிட் ஜூர்லிங்க், பமேலா லியுங் குழுவினர் ஒரு வேலை செய்தாங்க. இந்தக் கடிதத்தை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சாங்க. மொத்தம் 608. அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்ற கடிதங்களுக்குக் கிடைத்த மேற்கோள்களின் நடு அளவு 11தான்.

608ல் 439 பேர், அதாவது 72 சதவீதம், "இம்மருந்துகளால் அடிமையாவது அபூர்வம்" என்பதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்காங்க. 491 பேர், ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர், அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் என்பதையே சொல்லல. ஆக்ஸிகான்டின் வந்த பிறகு மேற்கோள்கள் இன்னும் அதிகரிச்சிருக்கு.

கடிதத்தின் முடிவு வாக்கியத்திலேயே ஆஸ்பத்திரி என்ற சொல் இருக்கு. ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. படிச்சிருந்தா விட்டிருக்க முடியாது. அப்போ பெரும்பாலானவங்க படிக்கவே இல்லைன்னுதானே அர்த்தம்?

நியாயமா ஒண்ணு சொல்லணும். 2010 வரைக்கும் அந்த இதழின் பழைய பிரதிகள் முழுசா இணையத்தில் கிடையாது. 1980 இதழ் வேணும்னா நூலகம் போய், தூசி தட்டி, தடிமனான பைண்டிங்கை எடுத்துப் புரட்டணும். அதைவிட சுலபம், அடுத்தவர் கட்டுரையின் பட்டியலில் இருந்து எடுத்துப் போட்டுக்கறது.

பரீட்சையில் பக்கத்து பையனைப் பார்த்து எழுதியவனை எப்படிப் பிடிப்பாங்க? அவனோட எழுத்துப்பிழையையும் சேர்த்து எழுதியிருப்பான். 2003ல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் ஆய்வுக் கட்டுரைகளில் இதையேதான் தேடினாங்க. பட்டியலில் பக்க எண், ஆண்டு தப்பா அச்சானா அந்தத் தப்பு எத்தனை கட்டுரையில் அப்படியே மறுபடி வருதுன்னு எண்ணினாங்க. அதை வச்சு அவங்க போட்ட கணக்கு: மேற்கோள் காட்டுறவங்களில் மூலத்தைப் படிப்பவர்கள் சுமார் 20 சதவீதம்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நானும் முதுநிலை படிக்கும்போது என் தீசிஸுக்கு சீனியரின் தீசிஸில் இருந்து பட்டியலை எடுத்து ஒட்டியவன்தான். பாதிக்கு மேல் படிக்கல. யாரும் கேட்கவும் இல்லை. எண்ணிக்கை சரியா இருக்கான்னு மட்டும் பார்த்தாங்க.

இப்போ இந்த 608ஐ ஆராய்ச்சித் தரத்தை அளக்கிற எந்திரத்தில் போட்டுப் பாருங்க. ஹெச்-இண்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005ல் கொண்டுவந்தது. ஒருத்தருடைய 40 கட்டுரைகள் தலா 40 மேற்கோளாவது வாங்கியிருந்தா அவர் ஹெச்-இண்டெக்ஸ் 40. இந்தக் கணக்குக்கு நல்ல மேற்கோள், கெட்ட மேற்கோள் தெரியாது. பாராட்டி எழுதினாலும் ஒண்ணு, திட்டி எழுதினாலும் ஒண்ணு, படிக்காம ஒட்டினாலும் ஒண்ணு. ஆட்டிசம் பீதியைக் கிளப்பி, பிறகு திரும்பப் பெறப்பட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரைக்குக் கூட ஏகப்பட்ட மேற்கோள் இருக்கு. காகிதத்தில் பார்த்தா, ஜிக்கின் கடிதம் மாபெரும் வெற்றி பெற்ற படைப்பு!

வருஷாவருஷம் "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியல் வந்ததும் நம்ம ஊர் கல்லூரி வாசல்களில் பேனர் வைக்கிறாங்க இல்லையா? அதுவும் அடிப்படையில் மேற்கோள் கணக்குதான். பட்டியலில் இருப்பவங்க திறமையில்லாதவங்கன்னு சொல்ல வரல. நிறைய பேர் உண்மையில் பெரிய உழைப்பாளிகள். ஆனா அந்த பேனர் உங்ககிட்ட சொல்றது, இவரை நிறைய பேர் குறிப்பிட்டிருக்காங்க என்பது மட்டும்தான். அவர் சொன்னதால் எந்த நோயாளிக்கு நல்லது நடந்துச்சு, யாருக்குக் கெட்டது நடந்துச்சு என்பது அதில் இருக்காது.

ஜிக் இதைப் பற்றி என்ன சொன்னார்? தன் மொத்த உழைப்பில் அந்தக் கடிதம் கிட்டத்தட்ட கடைசி இடத்தில் வரும் என்பது அவர் கருத்து. 2017ல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்திடம் பேசியபோது, மருந்து நிறுவனங்கள் செய்ததற்கு அந்தக் கடிதம் சாக்காகிப் போனதை நினைத்து வெட்கி வேதனைப்படுவதாகச் சொன்னார். வலி மருந்து விற்பனை தொடர்பான ஒரு வழக்கில் அரசுத் தரப்பு சாட்சியாகவும் போயிருக்கார்.

அவர் மேல தப்பு இருக்கான்னு கேட்டா, எழுதியதில் இல்லை என்பேன். ஆனா ஒரு நெருடல் இருக்கு. டைம் பத்திரிகை "மைல்கல்" என்று எழுதிய 2001லேயே அதே இதழுக்கு இன்னொரு ஐந்து வாக்கியம் அனுப்பியிருக்கலாம்: "நான் சொன்னது வார்டு நோயாளிகளைப் பற்றி. வீட்டு நோயாளிகளுக்கு இதைக் காட்டாதீங்க." அவரை இன்னும் அதிகமா குறை சொல்ல எனக்கு மனசு வரல. 608 பேரில் எத்தனையோ பேராசிரியர்கள், அவங்க கட்டுரையைச் சரிபார்த்த நிபுணர்கள், வெளியிட்ட ஆசிரியர் குழுக்கள். பெரும்பாலானவங்க எழுந்து போய் அந்த பைண்டிங்கைப் புரட்டலையேன்னுதான் எனக்குக் கோபம்.

37 வருஷம் கழிச்சு, 2017ல், அந்த இதழ் கடிதத்தின் மேல் ஒரு குறிப்பைச் சேர்த்தது: பொது சுகாதாரம் கருதி, இந்தக் கடிதம் யோசிக்காமல் அளவுக்கதிகமாக மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்பதை வாசகர்கள் அறியணும்னு. இப்போதும் அந்தப் பக்கத்தில் அது இருக்கு.

சரி டாக்டர், நான் கட்டுரையும் எழுதல, மேற்கோளும் காட்டல, எனக்கு இதில் என்னன்னு கேட்கறீங்களா?

"ஆய்வு சொல்லுது" என்று உங்ககிட்ட யாராவது மாத்திரையோ பவுடரோ நீட்டும்போது, அந்த விஞ்ஞானியின் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்காதீங்க. யாரை வச்சு ஆய்வு பண்ணினாங்கன்னு கேளுங்க. எலியா, மனுஷனா? மனுஷன்னா என்னை மாதிரி ஆளா? எத்தனை நாள் கொடுத்தாங்க, அதுக்குப் பிறகு எத்தனை நாள் பார்த்தாங்க? இந்தக் கேள்விக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. 491 பேர் இதைக் கேட்கல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. இதைச் சொல்லாமல் முடிச்சா எனக்குத் தூக்கம் வராது. இந்தத் தொடரைப் படிச்சிட்டு, "பார்த்தியா, அந்த மருந்தெல்லாம் விஷம்" என்று வீட்டில் இருக்கும் கேன்சர் நோயாளியின் மார்ஃபினை யாரும் நிறுத்திடாதீங்க. அது அதே தப்பைத் தலைகீழாகச் செய்றது.

நம்ம நாட்டின் பிரச்சினையே வேற. சட்டப்படி அபின் பயிரிடும் நாடு நாம. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு விளையுது. ஆனா 1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, உரிமச் சிக்கலுக்கும் ஜெயிலுக்கும் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கி வைக்கிறதையே விட்டாங்க. பத்தே வருஷத்துக்கு மேல் கொஞ்ச காலத்தில் மருத்துவப் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிடுச்சு. கேரளாவின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகுதான் 2014ல் சட்டம் திருத்தப்பட்டு வழி கொஞ்சம் சுலபமானது. இன்னைக்கும் நிறைய பேர் மார்ஃபின் கிடைக்காமல் வலியோடுதான் சாகறாங்க. அங்கே 0.03 சதவீதம்னு நம்பி அள்ளிக் கொடுத்தாங்க. இங்கே அடிமை என்ற ஒரே சொல்லுக்குப் பயந்து கொடுக்காமலே விட்டோம்.

உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கேன்சர் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதியிருந்தா, சொன்ன நேரத்துக்குத் தவறாம கொடுங்க. வலி வந்து துடிச்ச பிறகு கொடுக்கலாம்னு காத்திருக்காதீங்க. மலச்சிக்கல் கண்டிப்பா வரும், அதுக்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்க. ரொம்ப மயக்கமா இருந்தாலோ மூச்சு குறைஞ்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க. மாத்திரையைப் பிள்ளைங்க கைக்கு எட்டாம பூட்டி வைங்க. மீதி இருந்தா பக்கத்து வீட்டு முதுகு வலிக்குக் கொடுக்காம, வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துடுங்க.